அலம் என்னும் சொல்

அலங்காரம் என்ற சொல்லை நாம் நாள்தோறும் எத்தனையோ இடங்களில் புழங்குகிறோம். சுவாமிக்கு அலங்காரம், கல்யாணப் பந்தலுக்கு அலங்காரம், மேடைப் பேச்சில் அலங்காரம் என்று அது நாவில் பழகிப்போய்விட்டதால், அதன் முற்பகுதியாகிய ‘அலம்’ என்பதற்கு வடமொழியில் ‘போதும்’ என்ற பொருள் உண்டு என்பதை நினைத்துப் பார்க்க நமக்கு அவகாசம் வாய்ப்பதில்லை. போதுமானதாகச் செய்தல், ஒரு பொருள் தன் காரியத்தைச் செவ்வனே நிறைவேற்றுவதற்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்து அதை முழுமையாக்குதல் என்பதே அச்சொல்லின் ஆதிப் பொருள் என்றும், தேவைக்கு மேல் ஒட்டவைத்த அழகு என்ற இன்றைய பொருள் பிற்காலத்தில் வந்து ஏறியது என்றும் 1939-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் எடுத்துக் காட்டியவர், கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் மகனாகப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. ஆபரணம் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மேல்நாட்டுக் கலையுலகில் நடந்துவரும் பெரிய வழக்கை, மினிமலிசம் என்ற பெயரால் இன்று உலகெங்கும் பேசப்படும் ரசனையை, இந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு விசாரித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

அவ்வழக்கில் ஆபரணத்தின் மேல் மிகக் கடுமையான குற்றப்பத்திரிகை படித்தவர் அடால்ஃப் லோஸ். 1870-இல் மொராவியாவின் ப்ர்னோ நகரில் ஒரு கல்தச்சரின் மகனாகப் பிறந்து, இளமையில் மூன்றாண்டுகள் அமெரிக்காவில் கிடைத்த வேலையைச் செய்து காலம் தள்ளி, பிறகு வியன்னாவில் கட்டடக் கலைஞராக நிலைத்தவர் அவர். ‘ஆபரணமும் குற்றமும்’ என்ற அவருடைய பிரசங்கத்துக்கு 1908 என்று அவரே தேதியிட்டிருந்தாலும், அது மேடையேறியது ஓரிரு ஆண்டுகள் கழித்துத்தான் என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. நாகரிகம் வளர வளர, புழங்கும் பொருள்களிலிருந்து ஆபரணம் உதிர்ந்துகொண்டே வரும் என்பது அவருடைய சித்தாந்தம். அதை நிலைநாட்ட அவர் பாப்புவ மக்களின் பச்சைகுத்தலை இழுத்து வந்து, அவர்களைக் குழந்தை நிலையில் நிற்பவர்களாகவும், பச்சைகுத்திக்கொண்ட ஐரோப்பியனைக் குற்றவாளியாகவும் சித்திரித்தார். ஒரு மனித இனத்தை ஏணியின் அடிப்படியில் நிறுத்திவிட்டுத் தன் ரசனையை உச்சிப்படியில் ஏற்றிவைக்கும் இந்த வாதத்தை இன்று படிக்கும்போது மனம் கூசுகிறது. அதை மறைத்துவிட்டு லோஸைப் போற்றுவது நேர்மையாகாது.

ஆயினும் அதே பிரசங்கத்தில் வேறொரு குரலும் இருக்கிறது. வேலைப்பாடு நிறைந்த ஒரு பொருளைச் செய்பவனுக்கு, அதில் அவன் செலவிட்ட மணிநேரங்களுக்கு ஏற்ற கூலி கிடைப்பதில்லை என்பதையும், நாகரிகம் மாறியவுடன், அப்பொருள் தேய்ந்து முடிவதற்கு முன்பே, அது தெருவில் எறியப்படுகிறது என்பதையும் அவர் தொழிலாளியின் பக்கம் நின்று பேசுகிறார். அதைவிட என்னைத் தொட்டது, அவர் தம் செருப்புத் தொழிலாளியைப் பற்றிச் சொல்லும் இடம். அக்காலத்து மேல்நாட்டுக் காலணிகளின் தோலில் வளைவு வளைவாக விளிம்பு வெட்டி, சிறு சிறு துளைகளால் கோலம் போட்டிருப்பார்கள். அந்தத் துளைகளைத் தாம் சகித்துக்கொள்வதாக லோஸ் கூறுகிறார். கூடுதல் விலை தருகிறேன், ஆனால் துளையே இல்லாமல் வழவழப்பாகச் செய்து கொடு என்று கேட்டால், விலையேற்றத்தால் மகிழ்ந்த அந்த மனிதனின் முகம் அடுத்த நொடியே வாடிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். பகல் முழுவதும் குனிந்து உழைப்பவனுக்கு அந்தத் துளைகளைத் தவிர வேறு சந்தோஷம் இல்லாதபோது, அதைப் பறிக்கத் தமக்கு உரிமையில்லை என்பதே அவர் நிலை. தம் கட்சியையே உடைத்துவிடக்கூடிய இந்தச் சாட்சியை மறைக்காமல் முன்வைத்த அந்த நேர்மைக்காகவே லோஸை மதிக்கலாம்.

அவர் கட்டியது எப்படி இருந்தது? வியன்னாவின் மைக்கேலர் சதுக்கத்தில், அரண்மனைக்கு நேர் எதிரே, கோல்ட்மன் அண்டு சலாட்ச் என்ற தையல் நிறுவனத்துக்காக 1909 முதல் 1911 வரை அவர் எழுப்பிய கட்டடத்தின் மேல்மாடிகள் வெறும் சுண்ணப் பூச்சோடு நின்றன; சன்னல்களைச் சுற்றி ஒரு கீற்று வேலைப்பாடுகூட இல்லை. ஊரார் அதைப் புருவமில்லாத வீடு என்று ஏசினார்கள். நகராட்சி 1910-இல் வேலையை நிறுத்தியது. கடைசியில் சன்னல்களின் கீழே வெண்கலப் பூந்தொட்டிகள் வைப்பதென்று சமரசம் ஏற்பட்டது. ஆனால் ஏசியவர்கள் சற்றே கண்ணைத் தாழ்த்திப் பார்த்திருந்தால், அதே கட்டடத்தின் கீழ்ப்பகுதி முழுவதும் கிரேக்க நாட்டின் யூபியா தீவிலிருந்து வந்த பளிங்கால், பச்சை வரிகள் அலையலையாக ஓடும் சிப்போலினோ என்ற விலையுயர்ந்த கல்லால் போர்த்தப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். சிற்பியின் உளி செய்யவேண்டிய காரியத்தை மலையின் வயிற்றில் நடந்த ரசாயனம் செய்துவிட்டிருந்தது. கல்தச்சரின் மகனுக்குக் கல்லின் பெருமை தெரியாமல் இருக்குமா? ஆகன் நகரில் கல்தொழில் செய்தவரின் மகனாகிய மீஸ் வான் டெர் ரோவும், 1929-இல் பார்சிலோனா கண்காட்சிக்காக அமைத்த மண்டபத்தில், ஆபரணம் ஒன்றும் இல்லாத சுவருக்கு ஓனிக்ஸ் கல்லைப் புத்தகம் விரித்தாற்போல் அறுத்து, இடமும் வலமும் ஒன்றையொன்று பிரதிபலிக்கும்படி பதித்தார். கிடைத்த அந்தக் கல்லின் உயரத்தை வைத்தே மண்டபத்தின் உயரத்தை நிர்ணயித்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார்.

ஆகவே, வெறுமை மலிவானது என்று நினைப்பவர்கள் கட்டட வேலையை அருகிருந்து பார்க்காதவர்கள். கதவு நிலைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் நடுவே விழும் சந்தை மூடுவதற்காகவே ஆசாரி அங்கே ஒரு மரப்பட்டியை அடிக்கிறார். சுவரும் தரையும் சேரும் மூலையின் ஒழுங்கீனத்தை ஸ்கர்ட்டிங் மறைக்கிறது. கூரையும் சுவரும் சந்திக்கும் இடத்தில் ஓடும் சுண்ணக் கொடிவேலை, கொத்தனாரின் மட்டம் அரை அங்குலம் தவறியதை யார் கண்ணுக்கும் காட்டாமல் மன்னித்துவிடுகிறது. இவற்றையெல்லாம் எடுத்துவிடு என்று கட்டளையிடுபவர், அந்த அரை அங்குலத்தையும் தவறவிடாத கைகளைத் தேடிக் கூலி கொடுக்கக் கடமைப்பட்டவராகிறார். அலங்காரத்தை விலக்குவதால் உழைப்பு குறையும் என்ற லோஸின் கணக்கு, புழங்கும் சாமான்களுக்குப் பொருந்தினாலும், கட்டடத்துக்குப் பொருந்துவதில்லை. அங்கே உழைப்பு குறைவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்கிறது.

லோஸ் தம் பிரசங்கத்துக்கு எந்த ஆண்டைக் குறித்தாரோ அதே 1908-இல், இங்கிலாந்தின் பிராட் கேம்டன் என்ற சிற்றூரில், பழைய கையச்சு யந்திரம் ஒன்று ஒரு பெரிய நூலை அச்சிட்டு முடித்தது. ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற அந்நூலை எழுதிய குமாரசுவாமி கலை பயின்றவர் அல்லர்; இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைவராக இருந்த நிலவியல் அறிஞர். கல்லையும் கனிமத்தையும் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தபோது, தந்தம் கடைபவர்களும் அரக்கு வேலை செய்பவர்களும் பாய் முடைபவர்களும் தொழிலைக் கைவிட்டு ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருப்பதை அவர் கண்டார். அவர் மனைவி எத்தெல் நிழற்படங்கள் எடுத்தார். குமாரசுவாமி தாமே அருகிருந்து அச்சுவேலையைக் கவனித்தார். அந்த யந்திரம், வில்லியம் மாரிஸ் தம் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் சாசரின் காவியங்களை அச்சிடப் பயன்படுத்திய அதே யந்திரம். வியன்னாவில் ஒருவர் வேலைப்பாட்டை அநாகரிகத்தின் எச்சம் என்று தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே ஒருவர் ஒரு சீப்பின் பிடியிலும் ஓர் ஓலைச்சுவடியின் பலகையிலும் ஓடும் கொடியை, அதைச் செய்தவனின் வாழ்வு முழுவதையும் தாங்கும் கொடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்ததற்குச் சான்று ஒன்றையும் நான் கண்டதில்லை. ஆயினும் இருவருக்கும் பகை ஒன்றேதான் என்று தோன்றுகிறது. தொழிற்சாலை அச்சில் வார்த்து, எந்தப் பொருளின் மேலும் ஒட்டி விற்ற போலிப் பூவேலையே அந்தப் பகை.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, பாஸ்டன் நுண்கலைக் காட்சிசாலையில் கீழைநாட்டுக் கலைப் பகுதியில் பணியாற்றியபோது, குமாரசுவாமி அந்த விஷயத்தைச் சொல்லாராய்ச்சியின் வழியே மீண்டும் எடுத்துக்கொண்டார். அலங்காரம், பூஷணம், ஆபரணம் என்ற வடசொற்கள் மட்டுமல்ல, லத்தீன், கிரேக்கச் சொற்களும் ஆதியில் தகுதியையும் போதுமையையும் ஒழுங்கையுமே சுட்டின என்பது அவர் துணிபு. போர்வீரனுக்கு வாளும் கேடயமும் எப்படியோ, யாகத்துக்கு மந்திரம் எப்படியோ, அப்படி ஒரு பொருளுக்கு ஆபரணம். அது இல்லாவிட்டால் அப்பொருள் குறையுடையது. கிரேக்க மொழியில் ‘காஸ்மாஸ்’ என்ற சொல் உலக ஒழுங்கையும் குறிக்கும், அணிகலனையும் குறிக்கும். ஹோமர் காலத்தில் அதன் வினைவடிவம் படையை வகுத்து நிறுத்துவதையும் குறித்தது. இந்த இடத்தைப் படிக்கும் தமிழன் வியக்காமல் இருக்க முடியாது. நம் ‘அணி’ என்ற சொல்லும் அப்படியே நகையையும் வரிசையையும் படைவகுப்பையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது அல்லவா? எங்கோ தொலைவில் பிறந்த இரண்டு மொழிகள், ஒழுங்கும் அழகும் ஒரே காரியம் என்பதைத் தனித்தனியே உணர்ந்து, ஒரே சொல்லில் முடிந்துவைத்திருக்கின்றன.

இனி மினிமலிசம் என்ற பெயருக்கு வருவோம். அப்பெயரைத் தாங்குபவர்களில் பெரும்பாலோர் அதை விரும்பி ஏற்கவில்லை. ரிச்சர்டு வால்ஹைம் என்ற ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் 1965-இல் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பிலிருந்து ‘மினிமல் ஆர்ட்’ என்ற தொடர் பரவியது. அடுத்த ஆண்டு நியூயார்க் யூத காட்சிசாலையில் நடந்த ‘பிரைமரி ஸ்டிரக்சர்ஸ்’ கண்காட்சி அந்தப் போக்கை ஊரறியச் செய்தது. டான் ஃபிளேவின் கடையில் விற்கும் குழல்விளக்கைச் சுவரில் சாய்வாகப் பொருத்தி அதையே படைப்பு என்றார். கார்ல் ஆண்ட்ரே 120 சூளைச் செங்கற்களை இரண்டடுக்காகத் தரையில் அடுக்கினார். லண்டன் டேட் கலைக்கூடம் அதை 1972-இல் வாங்க, நான்காண்டுகள் கழித்துப் பத்திரிகைகள் அதைக் கண்டுபிடித்து, வரிப்பணம் செங்கல்லில் போயிற்று என்று ஓலமிட்டன. அந்தக் கூச்சலில் இப்போது எனக்கு அக்கறையில்லை. அந்தக் கூட்டத்தில் ஆழமாகச் சிந்தித்தவர் என்று நான் கருதும் டொனால்டு ஜட்டின் வேலையைச் சற்று நின்று பார்ப்பதே பயன் தரும்.

ஜட் 1928-இல் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். கொரியாவில் ராணுவச் சேவை செய்தவர். கொலம்பியா சர்வகலாசாலையில் தத்துவம் படித்தவர். பல ஆண்டுகள் கலை விமரிசனம் எழுதி வயிறு வளர்த்தவர். ஆரம்பத்தில் மரவேலையில் தேர்ந்த தம் தந்தையின் துணையோடு தாமே பெட்டிகளைச் செய்தார். 1964 முதல் நியூயார்க்கில் தகடு வேலை செய்யும் ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்வித்தார். நகரத்துக் காட்சிசாலைகளில் படைப்புகளைச் சில வாரம் வைத்துவிட்டு மூட்டைகட்டும் வழக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு படைப்பு இருக்குமிடமும் படைப்பின் பகுதியே என்று நம்பிய அவர், டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பாலைவெளியில் உள்ள மார்ஃபா என்ற சிற்றூரில், கைவிடப்பட்ட ஒரு ராணுவ முகாமைத் தேர்ந்தெடுத்தார். அங்கே பீரங்கிகளை நிறுத்திவைத்த இரண்டு நீண்ட கொட்டகைகளின் பெரிய கதவுகளை எடுத்துவிட்டு, அவை நின்ற இடமெல்லாம் நான்கு கட்டமாகப் பிரித்த கண்ணாடிச் சன்னல்களை வைத்தார். ஒழுகிய தட்டைக் கூரையின் மேல் நெளிதகட்டால் வளைகூரை போட்டார். அந்த இரண்டு கொட்டகைகளிலும் 48-உம் 52-உமாக, மொத்தம் நூறு அலுமினியப் பெட்டிகள் 1982 முதல் 1986 வரை வந்து சேர்ந்தன.

ஒவ்வொரு பெட்டியின் வெளியளவும் ஒன்றே: 41 அங்குலம், 51 அங்குலம், 72 அங்குலம். இந்த மூன்று எண்ணும் நூறிலும் மாறுவதில்லை. உள்ளே மட்டும் எந்த இரண்டும் ஒன்றாக இல்லை. ஒன்றில் நடுவே ஒரு தகடு நெட்டுக்குத்தாக நிற்கும்; ஒன்றில் அது சாய்ந்து மூலைக்கு மூலை போகும்; ஒன்று மேலே திறந்திருக்கும்; ஒன்று பக்கவாட்டில் திறந்து, நம் பார்வையை ஊடே விட்டு அப்பாலுள்ள புல்வெளியைக் காட்டும். வர்ணம் பூசாத, ஆலையிலிருந்து வந்தபடியே விட்ட உலோகம். காலையில் கிழக்கு வெயில் விழும்போது ஒரு வரிசையின் விளிம்புகள் மட்டும் தணல்போல் எரியும். நண்பகலில் எதிரே உள்ள செங்கல் சுவரின் நிறம் தகட்டில் இறங்கிச் செம்மை படரும். மேகம் மூடினால் நூறும் சாம்பல் நிறத்தில் அடங்கி, எது தகடு, எது நிழல், எது வெறும் காற்று என்று பிரித்தறிய இயலாதபடி கண் தயங்கும். இவ்வளவுக்கும் கலைஞர் செய்தது ஓர் அளவை நிறுத்திக்கொண்டு, அதற்குள் எத்தனை வேறுபாடு சாத்தியம் என்று பொறுமையாகத் தேடியது மட்டுமே. வரிசையாக நிற்கும் இவற்றுக்கு எந்த ஆபரணமும் இல்லை என்று சொல்லும்போதே, வரிசைதான் அணி என்று நம் மொழி குறுக்கிட்டு நினைவூட்டுகிறது.

இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. 1967-இல் மைக்கேல் ஃபிரீட் என்ற விமரிசகர், இவை கலை அல்ல, வெறும் வஸ்துக்கள், பார்ப்பவன் வந்து எதிரே நின்றால்தான் உயிர்பெறும் நாடகச் சாமான்கள் என்ற பொருளில் ஒரு கடுமையான கட்டுரை எழுதினார். அந்த விவாதத்தைப் படிக்கையில் எனக்கு நம் அலங்கார சாஸ்திரிகளின் பழைய சச்சரவு ஒன்று நினைவுக்கு வந்தது. பொருளை உள்ளது உள்ளபடி சொல்வதும் ஓர் அலங்காரம் என்று கொண்டு, அதையே முதலில் வைத்தார் தண்டி. அவரைத் தழுவி எழுந்த தமிழ்த் தண்டியலங்காரத்தின் பொருளணியியலிலும் தன்மையணிக்கே முதலிடம். காஷ்மீரத்தில் பின்வந்த குந்தகர் இதை மறுத்தார்: பொருளின் தன்மை என்பது உடம்பு, உடம்பே நகையானால் அந்த நகை எதன்மேல் பூட்டப்படும் என்பது அவர் கேள்வி. குந்தகரின் தர்க்கம் கூர்மையானதுதான். ஆனால் மார்ஃபாவின் பெட்டிகள் தண்டியின் பக்கம் சாட்சி சொல்கின்றன என்றே நான் எண்ணுகிறேன். உள்ளதை உள்ளபடி காட்டுவது தானாக நடந்துவிடுவதில்லை; கண்ணை மறைக்கும் நூறு பழக்கங்களை விலக்கி, ஒரு பொருளை அதன் சொந்த அளவில், சொந்த வெளிச்சத்தில் நிறுத்துவதற்கு ஒரு வித்தை வேண்டியிருக்கிறது. அந்த வித்தைக்கு அணி என்று பெயரிட்டது பிழையன்று.

ஜட்டுக்கு நானூறு ஆண்டுகள் முன்பு ஜப்பானில் இதே வழக்கு உயிரைப் பணயமாகக் கேட்டது. சகாய் துறைமுகத்து வணிகர் குடியில் 1522-இல் பிறந்த சென் நோ ரிக்யூ, தேநீர் விருந்து என்ற சடங்கைப் படிப்படியாகக் குறுக்கிக்கொண்டே வந்தார். கியோட்டோவுக்கு அருகே யமாசாகியில் இன்றும் நிற்கும் தையான் என்ற அவருடைய தேநீர் அறை இரண்டே பாய் அளவு. சுவர், வைக்கோல் துணுக்குகள் தெரியும் மண் பூச்சு. உள்ளே நுழையும் வாயில் சுமார் இரண்டடிச் சதுரம். பிரபுவானாலும் இடுப்பு வாளை வெளியே வைத்துவிட்டு, முழங்காலால் ஊர்ந்துதான் போகவேண்டும். அவருக்காக சோஜிரோ என்ற குயவர், சக்கரத்தைத் தொடாமல் கையாலேயே பிடித்துச் செய்த கறுப்புக் கிண்ணங்கள், செந்தணலாகச் சூளையிலிருந்து எடுக்கப்பட்டு ஆறியவை. அந்த அறையின் இருட்டில் தேநீரின் பச்சை ஒன்றே நிறம். இத்தனைக்கும் ரிக்யூ பணி செய்தது நாட்டையே ஆண்ட ஹிதேயோஷியிடம். அந்த ஹிதேயோஷியோ சுவரும் தூணும் பாத்திரமும் பொன்னாக, வேண்டிய இடத்துக்குப் பிரித்தெடுத்துச் செல்லக்கூடிய ஒரு தேநீர் அறையைச் செய்வித்து, அதை 1586-இல் சக்கரவர்த்தியின் அரண்மனையிலேயே வைத்து விருந்து நடத்தியவர். பொன்னறையையும் மண்ணறையையும் ஒரே காலத்தில் ஒரே அரசவை தாங்கியது. 1591-இல் ஹிதேயோஷி தம் தேநீர் குருவுக்குத் தற்கொலைக் கட்டளை அனுப்பினார். தைதோகுஜி மடத்தின் வாயில்மாடத்தில் ரிக்யூவின் மரச்சிலை வைக்கப்பட்டதுதான் காரணம் என்று பொதுவாகக் கூறுவர். உண்மைக் காரணம் எதுவாயினும், ஊர்ந்து நுழையவைக்கும் அந்தச் சிறு வாயிலை ஒரு சர்வாதிகாரி நெடுநாள் பொறுத்திருந்ததே வியப்பு.

எளிமைக்கு நேர்ந்த கதியும் சோகமானதுதான். கொரியாவின் சாதாரணக் குயவர்கள் அன்றாடப் புழக்கத்துக்காக வனைந்த கிண்ணங்களைத் தேநீர் ரசிகர்கள் கண்டெடுத்துப் போற்ற, அவை பிரபுக்கள் போட்டியிட்டு வாங்கும் பொக்கிஷங்களாகிவிட்டன. கிஸாயெமோன் என்ற பெயர் தாங்கிய அத்தகைய கிண்ணம் ஒன்று இன்று ஜப்பானின் தேசியச் செல்வம். பெட்டிக்குள் பெட்டியாக வைத்துக் காக்கப்படுகிறது. அதை வனைந்தவனின் பெயர் எவருக்கும் தெரியாது. இந்நாளில் வெள்ளைச் சுவரும் ஒற்றை நாற்காலியுமாகப் பத்திரிகைப் படங்களில் வரும் செல்வர் வீடுகளைக் காணும்போது அந்தக் கிண்ணம்தான் என் நினைவில் எழுகிறது. வேண்டியபோது வாங்கிக்கொள்ளலாம் என்ற நிச்சயம் உள்ளவனே பொருள்களை வீட்டிலிருந்து அகற்ற முடியும். அந்த நிச்சயம் இல்லாத வீட்டில் பழைய தகரடப்பாவும் அறுந்த கயிறும் பத்திரமாகப் பரணில் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். பரணைப் பார்த்து ரசனையில்லை என்று சொல்பவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது. எவ்வளவு குறைத்தோம் என்று எண்ணிக்கொண்டிருப்பது மினிமலிசத்தின் கணக்காகலாம், அலங்காரத்தின் கணக்கு அதுவன்று. இந்தப் பொருளுக்கு, இந்த மனிதருக்கு, இந்தக் காரியத்துக்கு எங்கே ‘அலம்’ என்று சொல்வது என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டறிய வேண்டியிருக்கிறது.

கியோட்டோவின் ரியோஆன்ஜி ஆலயத்துக்குச் செல்பவர்கள் பதினைந்து கற்கள் கிடக்கும் மணல் முற்றத்தையே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கட்டடத்தின் பின்புறம், தேநீர் அறைக்குப் போகும் வழியில், கை கழுவுவதற்கு ஒரு கல்தொட்டி இருக்கிறது. வட்டமான, உயரம் குறைந்த கல், குனிந்து உட்கார்ந்தால்தான் நீர் எட்டும். நடுவே சதுரமாக ஒரு குழி, அதில் நீர். குழியைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு எழுத்து வடிவங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. தனித்தனியே எடுத்தால் அவை இங்கே பொருந்தாத வேறு எழுத்துகள். நான்கும் சேர்ந்து ஒரு வாக்கியமாவதில்லை. ஆனால் சீன எழுத்தில் வாய் என்பதைக் குறிக்கும் வடிவம் ஒரு சதுரம். நடுவில் உள்ள நீர்க்குழியை அந்தச் சதுரமாகக் கொண்டு ஒவ்வொன்றோடும் சேர்த்துப் படித்தால், நான்கும் வேறு நான்கு எழுத்துகளாக மாறி, நான் போதுமையை மட்டுமே அறிவேன் என்று பொருள் தருகின்றன. கல்வெட்டியவனின் உளி தொட்டது சுற்றியுள்ள பாதிப் பாதி எழுத்துகளை மட்டுமே. மீதிப் பாதி, வருபவர்கள் அகப்பையால் மொண்டு கைகழுவிப் போகும் தண்ணீர்.